மதுரை வீட்டு மீன் தொட்டியில் மணலுக்கு அடியில் ஹீட்டிங் கேபிள் தேவையா?

தம்பி கேட்டது இதுதான். கே.புதூரில் மாடி வீடு, நாலடித் தொட்டி, ஏறக்குறைய 240 லிட்டர், ஒரு வருஷமாகச் செடி வளர்க்கிறார். மார்கழியில் கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி அத்தனையும் இலை கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்து விழுந்துவிட்டது. "வேருக்குக் குளிர் பிடித்திருக்கும், மணலுக்கு அடியில் ஹீட்டிங் கேபிள் போட்டால் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்ல, கேபிள், டிரான்ஸ்ஃபார்மர், கன்ட்ரோலர் மூன்றுக்கும் விலை விசாரித்துவிட்டு "அண்ணே, வாங்கலாமா?" என்கிறார். கூடவே, கார்த்திகையிலிருந்து போர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீர் மாற்ற ஆரம்பித்ததையும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் போர் தண்ணீர் 1,100, குழாய்த் தண்ணீர் 180 என்று காட்டியதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அந்தப் போகிற போக்கில் எழுதியதற்குக் கடைசியில் வருகிறேன், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

வாங்க வேண்டாம். ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் நாளைக்கு இன்னொருவர் வந்து "ஜெர்மனிக்காரன் போடுகிறானே" என்பார், நீங்கள் மறுபடியும் குழம்புவீர்கள். அதனால் அந்தக் கேபிள் எதற்காக வந்தது என்பதிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இதை 1980களில் பிரபலமாக்கியது ஜெர்மனியின் டூப்ளா நிறுவனம். காஸ்பர் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர் என்ற இருவர், வெப்பமண்டல நாடுகளின் ஓடைகளுக்குப் போய்ச் செடி வளரும் இடத்தின் தண்ணீரையும் மண்ணையும் அளந்து பார்த்து, அதை வீட்டுத் தொட்டியில் எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு முழுத் திட்டமே போட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு கொடுப்பது, இரும்புச்சத்து உரம், அடிமணலோடு லேட்டரைட் மண் கலப்பது, அதற்கு அடியில் குறைந்த வோல்டேஜில் ஓடும் கேபிள், இவ்வளவும் அதில் அடக்கம். (லேட்டரைட் என்ற பெயரே நம் பக்கத்து வீட்டில் பிறந்தது. 1807இல் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேரளத்தில் அங்காடிப்புரத்தில் வீடு கட்ட மண்ணிலிருந்து வெட்டியெடுத்த சிவப்புக் கல்லைப் பார்த்து வைத்த பெயர். அதை ஜெர்மனியில் பொட்டலம் கட்டி நமக்கே திரும்ப விற்றார்கள், அது தனிக்கதை.)

இதில் கேபிள் வேருக்குக் கம்பளி போர்த்தும் வேலைக்காக வந்ததில்லை. மணலுக்குள் தண்ணீரை மெதுவாக நகர வைப்பதுதான் நோக்கம். கேபிளுக்கு மேலே உள்ள தண்ணீர் சூடாகி மேலே வரும், இரண்டு கேபிள் வரிசைக்கு நடுவில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும், அந்தச் சுழற்சியில் தண்ணீரில் கரைந்த சத்து வேருக்குப் போகும், வேர்ப் பக்கம் சேர்ந்த கெட்டது வெளியே வரும். இதுதான் அவர்கள் சொன்ன கணக்கு. வைகை வற்றிக் கிடக்கும்போது மணலில் கையால் ஊற்றுத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது, மேலே பொட்டல் மாதிரி கிடக்கும், இரண்டு அடி கீழே தண்ணீர் ஓரத்திலிருந்து கசிந்து வந்துகொண்டே இருக்கும். ஆற்று மணல் சும்மா கிடக்கும் மணல் கிடையாது, அதற்குள் தண்ணீர் நடக்கிறது. தொட்டியில் அந்தக் கசிவு இல்லை, அதற்குப் பதிலாகக் கேபிள்.

யோசனை நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலத்தடியிலிருந்து கசிகிற தண்ணீர் அனேகமாக அந்த ஊரின் வருஷ சராசரிச் சூட்டில்தான் இருக்கும். நம்மூர் போரில் நேராக மோட்டார் போட்டுப் பிடித்துப் பாருங்கள், மார்கழிக் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை மத்தியானத்தில் அதே தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். தண்ணீர் மாறுவதில்லை, வெளியே உள்ள வெயில்தான் மாறுகிறது. அதாவது இயற்கையில் வேர்ப்பக்கம் எப்போதும் மேல்தண்ணீரைவிடச் சூடாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கோடைப் பகலில் நேர் எதிராகத்தான் இருக்கும். செடிக்கு அங்கே கிடைப்பது நகர்வு.

இப்போது முக்கியமான இடம். கேபிள் ஓட வேண்டுமென்றால் அது தரும் சூடு எங்காவது போயாக வேண்டும். ஜெர்மனியில் வீட்டு அறை 20 டிகிரி, தொட்டி 26 டிகிரி. உங்கள் அளவுத் தொட்டி ஒன்று, அறைக்கும் தண்ணீருக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் தோராயமாக 10 வாட் இழக்கும். ஆறு டிகிரி வித்தியாசத்துக்கு 60 வாட். அதை இருபத்துநாலு மணி நேரமும் யாராவது ஈடுகட்டியாக வேண்டும், அதனால் கேபிள் ஓயாமல் ஓடும், மணலுக்குள் சுழற்சியும் ஓயாமல் இருக்கும். அங்கே எப்படியும் சூடு போட்டே ஆக வேண்டும், அதை ஹீட்டர் குழாய் வழியாகக் கொடுக்காமல் மணல் வழியாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

மதுரையில்? மார்கழி, தையில் வெளியே விடியற்காலை 20, 21 டிகிரிக்கு இறங்கும், ஆனால் நம் செங்கல் வீட்டுக்குள் 25க்குக் கீழே போவதே அபூர்வம். தண்ணீரை 26இல் வைக்க வேண்டுமென்றால் தேவைப்படுவது 10 வாட். உங்கள் எல்இடி லைட்டும் ஃபில்டர் மோட்டாரும் தண்ணீருக்குக் கொடுக்கும் சூடே அதற்கு மேல் இருக்கும். கன்ட்ரோலர் என்ன செய்யும், கேபிளை அணைத்தே வைத்திருக்கும். பங்குனி பிறந்தால் கேட்கவே வேண்டாம். சரி, கன்ட்ரோலர் இல்லாமல் நேராக ஓடவிடலாமே என்றால், 50 வாட் கேபிள் உங்கள் தொட்டியை அறைச் சூட்டுக்கு மேல் நாலைந்து டிகிரி ஏற்றிவிடும், சித்திரையில் 32இல் நிற்கும் தண்ணீர் 36ஐத் தொடும். மீன் குழம்புக்கு வேறு அடுப்பு வேண்டாம். கரண்ட் கணக்கும் போட்டுவிடுங்கள், 50 வாட் நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட்.

இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை, நானும் போட்டுப் பார்த்தவன்தான். 2014இல் வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டு 24 வோல்ட் கேபிள் ஒன்றை வாங்கிவரச் செய்தேன், அது வந்த அன்று வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றி எழுதவில்லை. தொட்டியின் இடது பாதியில் மட்டும் வளைத்து வளைத்துப் போட்டேன், வலது பாதி சும்மா. இரண்டு பக்கமும் அதே மணல், அதே செம்மண், அதே 'வென்டியை' என்ற கிரிப்டோகோரைன் வகை, பக்கத்துக்கு ஒரு டைகர் லோட்டஸ் என்ற அல்லி. தை மாசம் முழுக்க மணலுக்குள் தெர்மாமீட்டர் முனையைச் செருகிச் செருகிப் பார்த்தேன். கேபிள் ஓடும்போது இடது பக்க மணல் தண்ணீரைவிட ஒன்று, ஒன்றரை டிகிரி கூடுதல், அதுவும் விடியற்காலையில் மட்டும். மாசி பாதியில் கன்ட்ரோலரின் சிவப்பு விளக்கு எரிவது நின்றது. மறுபடி எரிந்தது கார்த்திகைக் கடைசியில். நடுவில் ஒன்பது மாதம் அது மணலுக்கு அடியில் கிடந்த வெறும் வயர். செடியில் இடது வலது வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, வந்து பார்த்தவர்களிடம் எந்தப் பக்கம் கேபிள் என்று கேட்டேன், ஆளுக்கு ஒரு பக்கம் காட்டினார்கள். ஒரே ஒரு தொட்டி, ஒரே ஒரு வருஷம், இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் என் காசுக்கு அது போதுமான பதில்.

எடுக்கும்போதுதான் உண்மையான தண்டனை. இரண்டு வருஷத்தில் கிரிப்டோ வேர் வயரைச் சுற்றி வலை பின்னியிருந்தது, ஒரு முனையை இழுத்தால் பாதித் தோட்டம் கூடவே வந்தது, அடியில் அடைந்திருந்த கருப்பு மண் கிளம்பி அழுகிய முட்டை வாடை வீடு முழுக்க. கேபிள் பழுதானால் தொட்டியையே கலைக்காமல் தொட முடியாது என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. சாதாரண ஹீட்டர் போனால் ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

இன்னொரு விஷயம், மணலின் பருமன். சூட்டினால் வரும் இந்தச் சுழற்சி மணல் எவ்வளவு இடைவெளி விடுகிறது என்பதைப் பொறுத்தது, அந்த வழிவிடும் தன்மை கல்லின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கல் பாதியானால் ஓட்டம் கால்வாசி. இரண்டு மில்லிமீட்டர் கல்லில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் மணிக்குச் சில சென்டிமீட்டர் நகரலாம். அரை மில்லிமீட்டர் மணலில் அதில் பதினாறில் ஒரு பங்கு. இப்போது எல்லாரும் போடுகிற பொடி சாயில் (தொட்டிக்கென்று விற்கும் மண் மணி), அதற்கு மேல் மீன் கழிவு அடைந்த அடுக்கு, இதற்குள் கேபிள் வெறும் சூட்டைத்தான் கடத்தும், தண்ணீரை நகர்த்தாது. நகர்த்தாமல் சூடு மட்டும் ஏறினால் அது நஷ்டம்: பத்து டிகிரி ஏறினால் மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் தின்னும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், அதே நேரத்தில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனோ குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும், 32இல் 7.3தான். அந்த முட்டை வாடைக்கு வழி அதுதான்.

அப்படியானால் கேபிள் இல்லாத தொட்டியில் மணலுக்குள் சத்து எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். தானாக ஊறிப் போக விட்டால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் யாரும் தானாக ஊற விடுவதில்லை. ஃபில்டர் ஓட்டம் மணல் மேட்டில் மோதி கொஞ்சம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது, மலேசியன் ட்ரம்பெட் நத்தை ராத்திரி முழுக்க உழுகிறது, செடியின் வேரே தன்னைச் சுற்றி ஆக்சிஜனைக் கசிய விடுகிறது. இதையெல்லாம் விட எளிதான வழி, சத்தைக் கொண்டுபோய் வேருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது. சத்து ஏற்கெனவே வேரடியில் இருக்கும்போது அதைத் தண்ணீரில் ஏற்றி அனுப்ப எதற்கு ஒரு வண்டி?

நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இரும்புச்சத்துக்குச் செம்மண் கிடைக்கிறது. கரிசலைப் போடலாமா என்று திருமங்கலம் பக்கத்து நண்பர்கள் கேட்பார்கள், சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி கரிசலுக்கு நிறையவே உண்டு, ஆனால் அதில் சுண்ணாம்புக் கட்டி கலந்திருப்பது சகஜம், தண்ணீரை இன்னும் கடினமாக்கிவிடும். எந்த மண்ணாக இருந்தாலும் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் தொட்டிக்கு வேண்டாம். உரம் போட்ட வயல் மண்ணும் வேண்டாம், வீடு கட்டத் தோண்டிய இடத்துச் செம்மண் தேவலை. நாலைந்து முறை தண்ணீரில் கலக்கி மேலே மிதக்கும் குப்பையை வடித்து, காயவைத்து, அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் பரப்பி, மேலே நாலு சென்டிமீட்டர் சிலிக்கா மணல். தண்ணீர் ஃபில்டர் சாமான் விற்கும் கடைகளில் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் என்று சலித்தே மூட்டையாகக் கிடைக்கும், மீன் கடையில் பாக்கெட் வாங்குவதைவிட மலிவு. எம்-சாண்ட் போடாதீர்கள், கூர்மை அதிகம், அடியில் மேயும் கோரிடோராஸ் மாதிரி மீன்களின் மீசை தேயக்கூடும். ஏற்கெனவே ஓடுகிற தொட்டியைக் கலைக்க மனசு வராது, அப்படியென்றால் அதே செம்மண்ணை உருண்டை பிடித்துக் காயவைத்து செடிக்கு ஒன்றாக வேரடியில் அழுத்திவிடுங்கள். மெதுவாகக் கரையும் உர உருண்டை வாங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும், அதன் மேல்பூச்சு கரையும் வேகத்தைப் பொதுவாக 21 டிகிரிக்குக் கணக்கிட்டுத்தான் இத்தனை மாதம் என்று எழுதுகிறார்கள். நம் தொட்டியில் அது சீக்கிரமே தீரும், அதாவது ஒரே நேரத்தில் அதிகமாக வெளிவரும். உறையில் சொன்னதில் பாதி போட்டால் போதும்.

கேபிளே வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. என்னிடமிருந்து எடுத்த அதே கேபிள் இப்போது கொடைக்கானலில் என் மச்சான் வீட்டில் இருக்கிறது. அங்கே 2,000 மீட்டருக்கு மேல் உயரம், ஜனவரி ராத்திரி எட்டு, பத்து டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுத்தான் இருப்பார்கள். அவர் மணலுக்குப் பதில் பருமனான கல் போட்ட தொட்டி வைத்திருக்கிறார், வருஷத்தில் பெரும்பாலான நாள் சூடு தேவைப்படுகிறது, தொட்டியின் அடிக் கண்ணாடியும் தரையின் குளிரை வாங்கும். அங்கே கேபிள் உண்மையிலேயே ஓடுகிறது. அப்போதும் அவர் அதை மட்டும் நம்பவில்லை, மூலையில் ஒரு சாதாரண ஹீட்டரும் உண்டு. மதுரையிலேயே இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓடும் ஆபீஸ் வரவேற்பறையில் தொட்டி வைத்திருந்தால் அதுவும் கொஞ்சம் ஜெர்மனிதான், அங்கேயும் முதலில் நான் ஹீட்டர்தான் சொல்வேன்.

அப்புறம், பயமுறுத்துவதற்காக அல்ல, ஆனால் சொல்லியாக வேண்டும். கேபிள் விலையைக் கேட்டுவிட்டு கோழிமுட்டை இன்குபேட்டருக்கு விற்கும் ஹீட்டிங் வயரை வாங்கி மணலுக்கு அடியில் போடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரோடு வரும் தொட்டிக் கேபிள் 24 வோல்ட் மாதிரிக் குறைந்த வோல்டேஜில் ஓடுவது, அந்த இன்குபேட்டர் வயர் நேராக 230 வோல்ட். கூரான கல் ஒன்று உறையைக் கீறினால் போதும், நீங்கள் கையை விட்டிருக்கும் நேரத்தில் தெரியவரும். தொட்டிக்கு அடியில், கண்ணாடிக்கு வெளியே ஹீட்டிங் மேட் வைப்பதும் வேண்டாம், கால் டன் எடை நிற்கும் கண்ணாடியை ஒரு இடத்தில் மட்டும் சூடாக்கினால் விரிசல் விடலாம். கேபிள் போடாவிட்டாலும் தொட்டி லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் ஸ்விட்ச்) ஒன்று போட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கிரிப்டோ. வேருக்குக் குளிர் பிடிக்கவில்லை தம்பி. வென்டியை இலங்கைச் செடி, 24, 25 டிகிரி அதற்கு ஒரு குளிரே இல்லை. கார்த்திகையிலிருந்து 1,100 டிடிஎஸ் தண்ணீரை எடுத்து 180 தண்ணீரை ஊற்றினீர்கள், அதுவும் ஒரு தடவைக்குப் பாதித் தொட்டி மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிரிப்டோகோரைனுக்கு இந்த மாதிரித் திடீர் மாற்றம் ஆகவே ஆகாது, தண்ணீர், வெளிச்சம், இடம் எது சட்டென்று மாறினாலும் இருக்கும் இலையைக் கரைத்துவிட்டு, கிழங்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அது சாவு இல்லை. தென்னிந்திய ஆற்றோரங்களில் கிரிப்டோகோரைனிலேயே இன்னொரு வகை இருக்கிறது, சித்த மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்று விற்பது அதன் கிழங்கைத்தான். ஆறு பெருகும், வற்றும், மேலே இலை போகும், கிழங்கு மண்ணுக்குள் பிழைத்திருக்கும். உங்கள் தொட்டியிலும் கிழங்கை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் பிடுங்காதீர்கள், அழுகிய இலையை மட்டும் வெட்டி எடுங்கள், மூன்று நாலு வாரத்தில் துளிர் வரும். குழாய்த் தண்ணீர் நல்லதுதான், நிறுத்த வேண்டாம், வாரத்துக்குப் பத்து சதவீதம் என்று மெதுவாக மாற்றுங்கள், குளோரினை எடுக்க ஒரு நாள் வாளியில் நிற்க விடுங்கள்.

கேபிளுக்கு எடுத்து வைத்த காசைக் கோடைக்குச் செலவழியுங்கள், உங்களுக்கு வரப்போகும் பிரச்சினை அங்கேதான். மாடி வீடு வேறு. கம்ப்யூட்டர் ஃபேன் மாதிரி இரண்டு சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் சாய்வாக அடிக்கும்படி வையுங்கள், மேல் மூடியைத் திறந்துவிடுங்கள். 100 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய ஆறு டிகிரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அறை திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருப்பதால் அவ்வளவும் கைக்கு வராது, இரண்டு மூன்று டிகிரி நிச்சயம் இறங்கும். சித்திரை, வைகாசியில் நம்மூர்க் காற்று காய்ந்து கிடப்பதால் கடற்கரை ஊர்களைவிட இது இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. லைட்டை மத்தியானம் எரிய விடாமல் சாயங்காலம் ஐந்திலிருந்து பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ் என்று விற்கும் பாசிச் செடியும் ஜாவா ஃபெர்னும் 30க்கு மேல் போனால் மூஞ்சியைத் தொங்கப் போடும், அதை நம்பித் தொட்டியை அமைக்காதீர்கள். வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, டைகர் லோட்டஸ், உங்கள் வென்டியை எல்லாம் தாங்கும்.

ஃபேன் ஓடினால் தினமும் இரண்டு மூன்று லிட்டர் குறையும். அதை ஈடுகட்டப் போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும், ஆடி வருவதற்குள் டிடிஎஸ் பழைய இடத்துக்கே போய்விடும், அப்புறம் மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றும்போது இந்த மார்கழிக் கதை மறுபடியும் நடக்கும். ஆர்ஓ தண்ணீர் இருந்தால் அது, இல்லையென்றால் குழாய்த் தண்ணீர்.